பட்டறையிலிருந்து எழுதப்படும் பாடநூல்

தொழிற்கல்விக்கு எழுதப்படும் நூல் பொதுக்கல்விக்கு எழுதப்படும் நூலிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. ஏனெனில் வரலாறோ பொருளியலோ படித்தவரிடம் கேட்கப்படுவது விடை, தொழில் படித்தவரிடம் கேட்கப்படுவது வேலை. ஃபிட்டர் பிரிவில் பயின்ற ஒருவருக்கு அரத்தின் வகைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருந்தும், கொடுக்கப்பட்ட இரும்புத் துண்டை வரைபடத்தில் குறித்த அளவுக்கு அராவித் தர இயலவில்லை என்றால், அவர் படித்த நூல் தன் கடமையைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும். இந்த எளிய உண்மையை நூலாக்கத்தின் முதல் விதியாகக் கொள்ளும் முறைக்கே திறனடிப்படைத் தொழிற்கல்வி என்று பெயர். இங்கே திறன் எனப்படுவது வெறும் கைப்பழக்கமன்று. ஒரு தொழிலின் குறிப்பிட்ட வேலையை, அத்தொழில் எதிர்பார்க்கும் தரத்தில், பிறர் துணையின்றிச் செய்து முடிக்கத் தேவைப்படும் அறிவு, கைத்தேர்ச்சி, மனப்பாங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்று. வழக்கமான வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பத்து மாதங்கள், ஆளுக்கொரு மதிப்பெண் என்று காலம் நிலையாகவும் தேர்ச்சி மாறுவதாகவும் இருக்கிறது. திறனடிப்படை முறையோ எல்லோரும் எட்ட வேண்டிய தேர்ச்சியை நிலையாக வைத்து, அதை எட்ட ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் காலத்தை நெகிழவிடுகிறது. அவ்வாறு நெகிழும் வகுப்பில் பயிற்றுநர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடத்த முடியாது என்பதால், மாணவர் தானே எடுத்துப் பார்த்து, தானே செய்து, தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கற்றல் ஏடுகள் இல்லாமல் இம்முறை நடைமுறைக்கு வரவே இயலாது.

இத்தகைய ஏடுகளை உருவாக்கும் சிக்கலை ஆராய்வதற்கு மைசூருவைப் போல் பொருத்தமான நகரம் தென்னிந்தியாவில் அரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, ஏட்டுப் படிப்போடு தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகம், கைத்தொழில் ஆகியவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. பள்ளிகளை அறிவித்துவிட்டால் போதாது, அவற்றில் பட்டறை வகுப்பை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும் என்பதால், 1963-இல் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூரு ஆகிய நான்கு நகரங்களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) கீழ் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக வல்லுநர்கள் தொடக்கக் காலத்தில் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். மைசூருவின் மானசகங்கோத்ரியில் இன்று வட்டாரக் கல்வி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அக்கல்லூரியே கர்நாடகத்துக்கு மட்டுமின்றித் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றுக்கும் ஆசிரியர் பயிற்சி மையமாக இருக்கிறது. அதனோடு இணைந்த செய்முறைப் பள்ளியின் பெயரில் பல்நோக்கு என்ற அடைமொழி நிலைத்திருக்கிறது. ஆனால் பல்நோக்குப் பள்ளித் திட்டம் நாட்டில் வேரூன்றவில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வேலை அனுபவம், மேல்நிலையில் தொழிற்பிரிவு என்று வேறு பாதையைக் காட்டியது. வேலூரில் பிறந்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசையா தலைமையில் 1978-இல் வந்த அறிக்கை, செய்யக் கற்றல் என்ற பொருள்படும் தலைப்பைத் தாங்கியே மேல்நிலைத் தொழிற்பிரிவை வலியுறுத்தியது. குழுக்களின் பரிந்துரைகளில் குறையில்லை. பரிந்துரைக்கும் பட்டறை மேசைக்கும் நடுவே வைக்கப்பட வேண்டிய ஏடுகளுக்கு, பரிந்துரைக்குக் கொடுக்கப்பட்ட கவனம் கொடுக்கப்படவில்லை என்பதே இவ்வரலாற்றின் வருத்தத்துக்குரிய பகுதி.

இன்றைய அமைப்பு 2013 டிசம்பர் 27 அன்று அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் மேல் நிற்கிறது. தொடக்கத்தில் பத்துப் படிநிலைகளும், 2023-இல் திருத்தப்பட்ட பின் எட்டுப் படிநிலைகளும் கொண்ட இக்கட்டமைப்பு, ஒவ்வொரு தகுதியையும் அதைப் பெற்றவர் என்ன செய்ய வல்லவர் என்பதைக் கொண்டு வரையறுக்கிறது. ஒரு வேலையை எப்படிச் செய்தால் அது சரியாகச் செய்யப்பட்டதாகும், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரிவரியாக எழுதிவைத்த ஆவணம் தேசியத் தொழில் தரநிலை எனப்படுகிறது. ஒரு வேலைப்பொறுப்புக்குரிய பல தரநிலைகளைச் சேர்த்துக் கட்டியது தகுதித் தொகுப்பு. இவை இரண்டும் கற்பித்தல் ஏடுகள் அல்ல என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் தரநிலையின் வாசகங்களையே தலைப்புகளாக மாற்றி, இடையிடையே விளக்கப் பத்திகளை நிரப்பி, அதைத் திறனடிப்படை நூல் என்று அச்சிடும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. தரநிலை போய்ச்சேர வேண்டிய ஊரைச் சொல்கிறது. அங்கே போகும் வழியை நூல்தான் போட்டுத்தர வேண்டும்.

வழியைப் போடுவதற்கான முதல் வேலை, தொழிலைப் பகுத்துப் பார்ப்பது. 1868-இல் மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவர் விக்டர் டெல்லா வோஸ், தச்சு, கொல்லு, கடைசல் ஆகிய தொழில்களைத் தனித்தனி அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் பயிற்சிகளாக அடுக்கினார். 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அப்பயிற்சித் துண்டுகள் காட்சிக்கு வந்த பிறகு அம்முறை அமெரிக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. அதுவரை குருவின் அருகில் ஆண்டுக்கணக்கில் இருந்து கண்ணால் திருட வேண்டியிருந்த தொழில், முதன்முதலாக வகுப்பில் பலருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கத்தக்கதாயிற்று. 1960-களின் இறுதியில் கனடாவில் உருவான டேக்கம் என்னும் முறை இதை இன்னொரு படி முன்னே கொண்டுசென்றது. தொழிலைப் பற்றி எழுதும் பேராசிரியர்களை விட்டு, அத்தொழிலை அன்றாடம் செய்யும் ஐந்து முதல் பன்னிரண்டு பேரை இரண்டு நாள் ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்கள் செய்யும் வேலை ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, பின்னர் வகைப்படுத்துவதே அம்முறை. தொழிலாளியின் வாய்ச்சொல்லுக்குப் பாடத்திட்டத்தில் முதலிடம் தரும் துணிவு அதில் இருக்கிறது. இந்தியச் சூழலில் இன்னும் போதுமான அளவுக்குக் கைக்கொள்ளப்படாத துணிவும் அதுவே.

அடுத்த வேலை, ஒவ்வொரு செயலுக்கும் கற்றல் நோக்கத்தை எழுதுவது. 1962-இல் இராபர்ட் மேகர் என்னும் அமெரிக்கக் கல்வியியலாளர் வகுத்த விதிப்படி, நன்கு எழுதப்பட்ட நோக்கத்தில் மூன்று உறுப்புகள் இருக்கும்: மாணவர் செய்து காட்ட வேண்டிய செயல், அதைச் செய்வதற்குரிய சூழல், அது சரி என ஏற்கப்படுவதற்கான அளவுகோல். ‘அராவுதலைப் பற்றி அறிந்துகொள்வர்’ என்பது நோக்கமாகாது. என்ன துண்டு, எந்தக் கருவி, எவ்வளவு பிழை பொறுக்கப்படும் என்பவை இடம்பெறும்போதே அது நோக்கமாகிறது. ஃபிட்டர் பிரிவுக்கு இந்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் வெளியிட்டுள்ள திறனடிப்படைப் பாடத்திட்டம் இதற்கு நல்ல சான்று. குறியிடுதல், அறுத்தல், அராவுதல், துளையிடுதல் முதலிய அடிப்படை வேலைகளுக்குக் கூட்டியோ குறைத்தோ 0.25 மில்லிமீட்டர் வரை பிழை பொறுக்கப்படும் என்று தொடங்கும் அது, ஒன்றோடொன்று பொருந்தும் உறுப்புகளைச் செய்யும் நிலைக்கு வரும்போது அந்த அளவை 0.04 மில்லிமீட்டராகச் சுருக்கிவிடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே கிடக்கும் தொலைவுதான் உண்மையில் பாடநூல் நடத்திச்செல்ல வேண்டிய பாதை. எத்தனை பயிற்சிகள், எந்த வரிசை, எங்கே திரும்பச் செய்தல் என்பவை எல்லாம் அதிலிருந்தே முடிவாகின்றன.

அப்பாதையை நாட்டுக்கே அமைத்துத்தரும் பொறுப்பு, 1986 டிசம்பரில் ஜெர்மனியின் ஒத்துழைப்போடு சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டு, 1999-இல் தன்னாட்சி பெற்று, இப்போது ‘நிமி’ என்று அழைக்கப்படும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனத்திடம் இருக்கிறது. நாட்டின் எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் (ஐ.டி.ஐ.) சென்றாலும் பட்டறை மேசையில் கைபட்டுக் கறுத்துக் கிடக்கும் செய்முறை நூல் பெரும்பாலும் இந்நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். அந்நூலின் ஒரு பயிற்சிப் பக்கத்தை உற்றுநோக்குவது பயனுள்ளது. பக்கத்தின் பெரும்பகுதியை வரைபடம் பிடித்துக்கொள்கிறது. அதன் அடியில் சிறு கட்டங்களாகப் பிரிந்த பட்டையொன்றில் மூலப்பொருளின் அளவு, உலோகத்தின் வகை, பொறுக்கப்படும் பிழை, வேலைக்குரிய நேரம் ஆகியவை நிரப்பப்பட்டிருக்கின்றன. அடுத்து, இந்தப் பயிற்சியின் முடிவில் மாணவர் எவற்றைச் செய்ய வல்லவராவார் என்ற பட்டியலும், வேலையின் படிமுறையும் வருகின்றன. அந்தப் படிமுறையில் முதன்முறையாகத் தோன்றும் நுணுக்கம் எதுவோ, அது மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, கைகளை எங்கே வைப்பது, உடலை எப்படி நிறுத்துவது என்று படங்களோடு விளக்கப்படுகிறது. அந்த வேலைக்கு வேண்டிய கோட்பாடு இன்னொரு நூலில் அதே பயிற்சி எண்ணின்கீழ் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் கோட்பாடு முழுவதையும் கொட்டிவிட்டுக் கடைசியில் செய்முறைக்கு வரும் பழைய ஒழுங்கைக் கைவிட்டு, கை கேட்கும்போது மட்டும் கோட்பாட்டைத் தருவது என்ற இம்முடிவு, வடிவமைப்பில் எடுக்கப்பட்ட சிறந்த முடிவுகளுள் ஒன்று. இந்நூல்களின் குறையும் சொல்லத்தக்கதே. படிமுறையை ஒழுங்காகச் சொல்லும் அவை, அரம் ஒரு பக்கம் சாய்ந்து பரப்பின் நடுப்பகுதி மேடாகிவிட்டால் என்ன செய்வது என்பது போன்ற தவறுகளின் பாடத்துக்குக் குறைந்த இடமே ஒதுக்குகின்றன. பட்டறையில் மாணவரின் பெரும்பாலான நேரம் கழிவதோ அத்தகைய தவறுகளைத் திருத்துவதில்தான்.

மைசூருவின் சொந்தத் தொழிலொன்றுக்கு இம்முறையைப் பொருத்திப் பார்த்தால், வடிவமைப்பின் நுட்பம் இன்னும் தெளிவாகும். ஈட்டி மரத்தில் வேறு நிற மரத்துண்டுகளையோ தந்தத்தையோ பதித்து உருவம் அமைக்கும் பதிப்புவேலை, அம்பாவிலாஸ் அரண்மனையின் கதவுகளில் தந்தத்தால் செய்யப்பட்டிருப்பதைக் காண வருவோர் பலர். நகரில் இன்றும் அது குடும்பங்களின் பிழைப்பாக இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூரு அரசு அமைத்த சாமராஜேந்திரத் தொழில்நுட்பப் பள்ளி, இத்தகைய கைத்தொழில்களை வகுப்புக்குள் கொண்டுவர முயன்றதில் முன்னோடி. உருவத்தைத் தாளில் வரைதல், அதை மரத்துக்கு மாற்றுதல், மெல்லிய ரம்பத்தால் ஒவ்வொரு நிறத் துண்டையும் அறுத்தெடுத்தல், ஈட்டிப் பலகையில் அதே வடிவத்தில் பள்ளம் தோண்டுதல், பசையிட்டுப் பதித்தல், உப்புத்தாளால் தேய்த்தல், மெருகேற்றுதல் என்று வேலையின் வரிசை எளிதாகச் சொல்லிவிடத்தக்கதே. ஆனால் வேலையின் வரிசை வேறு, கற்பித்தலின் வரிசை வேறு. முதற்படியான உருவம் வரைதல்தான் கடைசியில் கைவரும் தேர்ச்சி. இறுதிப் படிகளில் ஒன்றான தேய்த்தலோ புதிதாக வருபவர் முதல் நாளே தொடங்கக்கூடியது. ஆகவே, வடிவமைப்பாளர் உருவம் வரைந்து தரப்பட்ட, துண்டுகள் அறுத்துத் தரப்பட்ட பலகையில் பதித்துத் தேய்ப்பதை முதல் பயிற்சியாக வைத்து, பின்னோக்கி நகர்ந்து, நேர்கோட்டு விளிம்புள்ள துண்டை அறுத்தல், வளைவுள்ளதை அறுத்தல், கூர்முனை கொண்ட இலையை அறுத்தல் என்று ஏற்ற வேண்டியிருக்கும்.

அளவுகோலை எழுதும் இடத்தில்தான் உண்மையான சோதனை காத்திருக்கிறது. இரும்பு வேலையில் வெர்னியரை வைத்து அளந்துவிடலாம்; பதிப்புவேலையில் எது சரி? துண்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே விரல்நகம் தட்டக்கூடாது, பசைக் கோடு கண்ணுக்குத் தெரியக்கூடாது, மரத்தின் ரேகை இலையின் நரம்போடு ஒத்துப்போக வேண்டும் என்று தொழிலாளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அளவுகோல்களைக் கேட்டு வாங்கி, ஏற்கத்தக்க வேலை, திருத்தத்தக்க வேலை, கழிக்கத்தக்க வேலை ஆகிய மூன்றின் படங்களையும் அருகருகே அச்சிட்டால், எத்தனை பத்திகள் எழுதினாலும் கிடைக்காத தெளிவு மாணவருக்குக் கிடைக்கும். நிழலும் கடலும் மலையும் எந்தெந்த மரத்தின் இயல்பான நிறத்தில் அமையும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பார்வை போன்றவை அளவுகோலுக்குள் அடங்காதவை. அவற்றை அடக்க முயல்வதைக் காட்டிலும், பலரின் வேலைகளைப் பார்த்து ஒப்பிடச் செய்யும் பயிற்சியாக ஏட்டில் இடம்தருவதே நேர்மையான வழி. ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்குவதால், முகமறைப்பு அணிதல் என்பது பாதுகாப்பு என்ற தனி அத்தியாயத்தில் ஒதுங்கிக் கிடக்காமல், தேய்க்கும் பயிற்சியின் முதல் படியாகவே எழுதப்பட வேண்டும். மனப்பாங்கைக் கற்பிப்பது என்பது நடைமுறையில் இப்படித்தான் நிகழ்கிறது.

ஏட்டின் மொழியைப் பற்றி மைசூருவிலிருந்து பேசும்போது, மானசகங்கோத்ரியிலேயே அமைந்திருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1969 ஜூலை 17 அன்று தொடங்கப்பட்ட அந்நிறுவனம், உயர்கல்வி நூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கத்தையும் நடத்துகிறது. தொழிற்கல்வி ஏடுகளில் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது. பட்டறையில் எல்லோரும் ‘வைஸ்’, ‘சக்’, ‘டேப்’ என்று பேசிக்கொண்டிருக்க, நூலில் மட்டும் அகராதியிலிருந்து வந்த அரிய சொல் நின்றால், மாணவர் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வாரே தவிர, கருவியோடு இணைத்துக்கொள்ள மாட்டார். மறுபுறம் அரம், உளி, இழைப்புளி, மூலைமட்டம் என்று தலைமுறைகளாக வழங்கும் சொற்கள் இருக்கும்போது அவற்றைத் தள்ளிவிட்டு ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பெயர்ப்பதும் இழப்பே. எந்தச் சொல்லை வைப்பது என்பதற்குப் பட்டறையின் வழக்கே தீர்ப்பாக இருக்க வேண்டும். கலைச்சொல்லை முதல் முறை அதன் அருகில் அறிமுகப்படுத்தினால் மேற்படிப்புக்குச் செல்பவருக்கும் வழி அடைபடாது. வாக்கியங்களின் அமைப்பு சொற்களைக் காட்டிலும் முக்கியமானது. ‘துண்டு இறுக்கப்பட்ட பின்னர் அராவுதல் மேற்கொள்ளப்படுதல் வேண்டும்’ என்பதற்குப் பதிலாக ‘துண்டை இறுக்குக, பின்னர் அராவுக’ என்று எழுதினால், கையில் கருவியோடு நிற்பவர் ஒரு பார்வையில் படித்துவிட்டு வேலைக்குத் திரும்ப முடியும். ஒரு படிக்கு ஒரு செயல் என்ற கட்டுப்பாடு இவ்வகை உரைநடைக்கு இன்றியமையாதது.

தேர்வு முறை இம்முயற்சி முழுவதையும் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் செய்முறைக்கும் தொடர் மதிப்பீட்டுக்கும் தேர்ச்சி வரம்பு 60 விழுக்காடு, ஏனைய பாடங்களுக்கு 33 விழுக்காடு. தொடர் மதிப்பீட்டில் அவ்வப்போது வழிகாட்டுதல் தேவைப்படுபவர் 60 முதல் 75 வரையிலும், சிறிதளவே தேவைப்படுபவர் 75 முதல் 90 வரையிலும், ஏறத்தாழத் தேவையே இல்லாதவர் அதற்கு மேலும் பெறுமாறு அடுக்குகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டுதலின் தேவை குறையக் குறையத் தேர்ச்சி கூடுகிறது என்ற கருத்து மிகச் சரியானது. அக்கருத்தை மதிப்பெண்ணாகச் சுருக்கும்போது, 62 பெற்ற மாணவரால் எந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற செய்தி மறைந்துபோகிறது. வேலைக்கு அமர்த்துபவருக்குத் தேவைப்படுவது அச்செய்தியே. ஏட்டின் ஒவ்வொரு அலகின் இறுதியிலும் மாணவரும் பயிற்றுநரும் தேதியிட்டுக் கையொப்பமிடும் பதிவேட்டுப் பக்கம் இருந்தால், மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்டு அச்செய்தி பிழைத்திருக்கும்.

எனினும், அளவுகோல்களை நுணுக்கிக்கொண்டே போவதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. 1986-இல் பிரிட்டன் தொடங்கிய தேசியத் தொழிற்தகுதி முறை, ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு கூறுகளாக உடைத்துப் பட்டியலிட்டு, பட்டியலில் குறியிடுவதையே மதிப்பீடாக்கியது. எத்தனை விரிவாக எழுதினாலும் ஒரு தரநிலையின் பொருளில் ஐயம் மிஞ்சிக்கொண்டே இருக்கும், அதைப் போக்க இன்னும் விரிவாக எழுத வேண்டியிருக்கும் என்று அலிசன் உல்ஃப் என்னும் ஆய்வாளர் 1990-களில் சுட்டிக்காட்டினார். ஜெர்மனி இதற்கு வேறு விடை கண்டது. செய்தி திரட்டல், திட்டமிடல், முடிவெடுத்தல், செய்தல், சரிபார்த்தல், மதிப்பிடல் என்ற ஆறு படிகள் கொண்ட முழுச்செயலாகவே ஒவ்வொரு பயிற்சியையும் அமைத்து, 1996 முதல் தொழிற்பள்ளிப் பாடத்திட்டங்களைப் பாடங்களாகப் பிரிப்பதைக் கைவிட்டு, வேலைச்சூழலிலிருந்து பிறந்த கற்றல்களங்களாக வகுக்கத் தொடங்கியது. இந்திய ஏடுகளில் வரைபடமும் படிமுறையும் ஆயத்தமாகத் தரப்பட்டுவிடுவதால், திட்டமிடலும் முடிவெடுத்தலும் மாணவருக்கு வாய்ப்பதே இல்லை. ஒவ்வொரு அலகின் கடைசிப் பயிற்சியிலாவது வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, படிமுறையை மாணவரே எழுதிப் பயிற்றுநரிடம் காட்டிய பின் வேலையைத் தொடங்கச் செய்தால், அதிகச் செலவின்றி இக்குறை பெருமளவு தீரும்.

அச்சுக்குச் செல்லும் முன் ஏட்டைச் சிறு குழுவொன்றிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது, இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற, ஆனால் காலக்கெடு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுகிற படி. சோதனை பெரிதாக இருக்க வேண்டிய தேவையில்லை. நூலாசிரியர் வாய்திறக்காமல் ஓரமாக நின்று, ஐந்தாறு மாணவர்கள் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைச் செய்வதைப் பார்த்தால் போதும். எந்த வரியில் அவர்கள் நின்று பயிற்றுநரைத் திரும்பிப் பார்க்கிறார்களோ அந்த வரி மாற்றி எழுதப்பட வேண்டிய வரி. மைசூருவில் இச்சோதனைக்கான வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனமும் மொழி நிறுவனமும் மானசகங்கோத்ரியில் அருகருகே இருக்கின்றன, அரசு ஐ.டி.ஐ.யும், அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையமும், அசோகபுரம் இரயில்வே பணிமனையும், பதிப்புவேலைப் பட்டறைகளும் அதே நகரில் இயங்குகின்றன. இவற்றின் ஆட்கள் ஒரே மேசையைச் சுற்றி அமரும் ஏற்பாடு வாடிக்கையாகுமானால், தென் மாநிலங்களின் நான்கு மொழிகளிலும் ஏடுகளை ஒரே நேரத்தில் எழுதிப் பார்க்க முடியும். ஆங்கிலத்தில் எழுதி முடித்தபின் மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் இன்றைய ஒழுங்கில் நேரும் கோணல்கள் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இறுதியாக, ஏட்டின் ஆயுள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986-இலும் 1991-இலும் வந்த திருத்தங்கள் தந்த வாணிகத்தை முற்றிலும் நிறுத்திய பிறகு, மைசூருவின் பதிப்புவேலையாளர்கள் வேறு நிற மரங்களையும் செயற்கைப் பொருள்களையும் பதிக்கப் பழகிக்கொண்டனர். துண்டறுக்கும் முறையும் பசையும் மெருகும் அதோடு மாறின. தொழில் இவ்வாறு மாறும்போது, தைத்துக் கட்டிய ஒரே நூலாக இருக்கும் ஏட்டில் ஓர் அலகு பழுதானால் நூல் முழுவதும் மறுபதிப்புக்குக் காத்திருக்க வேண்டியதாகிறது. அலகுக்கு ஒரு கையேடாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எந்தத் தரநிலையின் எந்தப் பதிப்பை ஒட்டி எழுதப்பட்டது என்பதையும் அடுத்த மறுஆய்வுக்குரிய ஆண்டையும் அச்சிட்டுவிட்டால், மாறிய அலகை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பது பட்டறைப் பயிற்றுநராலேயே இயலும்.